சீட்டின் முதுகைக் கவனியுங்கள்: வீட்டில் செய்த ஆட்டத் தொகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வீட்டில் செய்யும் பலகை ஆட்டங்களில் உழைப்பு பெரும்பாலும் தவறான இடத்தில் செலவாகிறது. வில்லைகளுக்கு வண்ணம் தீட்டுவதிலும் பெட்டிக்கு மூடி பொருத்துவதிலும் நாள் முழுக்கப் போய்விடும். சீட்டின் முதுகைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பத்து ஆட்டம் முடிவதற்குள், எதிராளியின் கையில் இருக்கும் முக்கியமான சீட்டை அதன் மடங்கிய மூலையை வைத்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கையில் இருப்பது அழகான கைவேலைதான்; ஆட்டம் இல்லை.

எந்த ஆட்டத்திலும் சில பாகங்கள் தகவலை மறைக்கின்றன. சில பாகங்கள் தற்செயலை உண்டாக்குகின்றன. மற்றவை கணக்கு வைத்துக்கொள்ள மட்டுமே. முதல் இரண்டில் துல்லியம் குறைந்தால் ஆட்டமே கெட்டுவிடும். மூன்றாவதில் சட்டைப் பொத்தான் போதும். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹைன் 1942-இல் உருவாக்கிய ஹெக்ஸ் ஆட்டத்தை (1948-இல் ஜான் நாஷும் தனியாக அதையே கண்டடைந்தார்) எடுத்துக்கொள்வோம். அதில் மறைக்க ஒன்றுமில்லை, தற்செயலும் கிடையாது. 11×11 அறுகோணக் கட்டம் அச்சிட்ட ஒரு தாளும் இரண்டு நிறப் பென்சிலும் இருந்தால் முழு ஆட்டமும் ஆயிற்று. சீட்டுகளைக் கையில் மறைத்து ஆடும் ஆட்டத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

எடுத்துக்கொண்ட தொகுப்பு

நான்கு பேர் ஆடும் ஒரு தொகுப்பு இங்கே ஆய்வுக்கு உள்ளாகிறது. கையில் மறைத்து வைக்கும் 54 சீட்டுகள், கலைத்து, குப்புறப் பரப்பி, பிறகு திருப்பும் 19 அறுகோண வில்லைகள், பையில் இருந்து எடுக்கும் 18 எண் வில்லைகள், இரண்டு பகடைகள், நான்கு நிறத்தில் தலா 15 காய்கள். நடுத்தரச் சிக்கல் உள்ள பெரும்பாலான ஆட்டங்களின் பாகங்கள் இந்த அளவுக்குள் அடங்கிவிடும் என்பதால் இதைத் தேர்ந்தோம்.

படங்களையும் வாசகங்களையும் சொந்தமாகவே வரைந்து எழுத வேண்டும். ஓர் ஆட்டத்தின் ஆடுமுறைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. அதன் ஓவியங்களுக்கும் விதிப்புத்தகத்தின் எழுத்துக்கும் உண்டு, பெயர் வணிகக்குறியாக இருக்கலாம். உருவாக்கியவரே அச்சிட்டு ஆடிக்கொள்ளச் சொல்லி இலவசமாக விட்டிருக்கும் ஆட்டங்களும் நிறைய உண்டு. தொடங்குபவர்களுக்கு அவைதான் நல்ல வழி.

முதல் பிரதியில் எங்கே கசிந்தது

முதல் பிரதி, எல்லோரும் முதலில் செய்வதுபோலவே செய்யப்பட்டது. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் இங்க்ஜெட் பிரிண்டரில் இருபுறமும் அச்சு, சீட்டின் முதுகில் கருநீல நிறம், சுற்றிலும் வெள்ளைக் கரை, கத்தரிக்கோலால் வெட்டு. வில்லைகளுக்குத் தானிய உணவுப் பெட்டியின் அட்டை, அதன் மேல் வெள்ளைப் பசையால் ஒட்டிய அச்சுத் தாள்.

பார்க்க நன்றாகவே இருந்தது. குறைகள் மேசையில் வைத்து ஆடும்போதுதான் வெளிவந்தன.

இருபுற அச்சில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது. வீட்டுப் பிரிண்டர் தாளை இழுக்கும்போது 1 முதல் 2 மி.மீ. நகர்ந்துவிடும், ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு அளவுக்கு நகரும். வெட்டுவது முன்பக்கக் கோட்டைப் பார்த்து என்பதால், அந்தப் பிசகு முழுவதும் முதுகின் வெள்ளைக் கரையில் வந்து சேர்கிறது. ஒரு தாளில் இருந்து வந்த 9 சீட்டுகளுக்கு இடது கரை தடிமனாகவும், இன்னொரு தாளின் 9 சீட்டுகளுக்கு வலது கரை தடிமனாகவும் இருந்தன. எந்தச் சீட்டு எந்தத் தாளில் அச்சானது என்பது கரையைப் பார்த்தாலே தெரியும். ஒரே வகைச் சீட்டுகளை ஒரே தாளில் அடுக்கியிருந்ததால் வகையும் தெரிந்துவிடும்.

இரண்டாவது கசிவு வெளிச்சம். 200 ஜிஎஸ்எம் தாளை விளக்குக்கு எதிரே பிடித்தால் முகத்தின் பெரிய எழுத்துகள் முதுகு வழியாகத் தெரியும். கடையில் வாங்கும் தரமான சீட்டு இரண்டு தாள்களை ஒட்டியது. நடுவே இருக்கும் கருநிறப் பசைதான் வெளிச்சத்தைத் தடுக்கிறது.

மூன்றாவது தேய்மானம். கருநீலம் பூசிய முதுகில் நகம் பட்டாலும் உள்ளிருக்கும் வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கும். கூரான மூலை முதலில் பிரியும். அடிக்கடி கைமாறும் சீட்டுகள்தான் அதிகம் தேயும். ஆட்டத்தில் முக்கியமானவையும் அவைதாம். ஆகவே எந்தச் சீட்டை மறைக்க வேண்டுமோ அதுவே முதலில் அடையாளம் காட்டும்.

வில்லைகள் வேறு விதமாகக் கெட்டன. வெள்ளைப் பசையில் நீர் உண்டு. ஈரம் பட்ட தாள் விரிகிறது, காயும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. ஒருபுறம் மட்டும் ஒட்டியதால் வில்லை அச்சுப் பக்கமாகக் குழிந்தது. குப்புறப் போட்டால் மேசையில் ஆடியது. வளைவு ஒவ்வொன்றிலும் வேறு என்பதால் அதுவும் ஓர் அடையாளமே.

சீட்டுகள், இரண்டாம் முறை

மேலே சொன்ன மூன்று கசிவுகளையும் ஒரே மாற்றம் அடைத்துவிடுகிறது: முதுகை அச்சிடாமலே விட்டுவிடுவது. முகத்தை மட்டும் சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டு, பின்பக்கம் வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் உறையில், ஒரு பழைய சீட்டோடு சேர்த்துச் செருக வேண்டும். பழைய சீட்டு விறைப்பைத் தருகிறது. உறையின் முதுகு எல்லாச் சீட்டுக்கும் ஒன்றே. தொகுப்பிலேயே அதிகம் செலவாகும் பொருள் இந்த உறைதான். அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. 54-க்கும் உதிரிக்கும் சேர்த்து 60 உறைகளை ஒரே நேரத்தில், ஒரே நிறத்தில், ஒரே பொட்டலத்தில் வாங்க வேண்டும். வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளில் நிறமும் சொரசொரப்பும் சற்று மாறும். விரலுக்கு அது தெரியும்.

பரவலாகக் கிடைக்கும் உறை 63×88 மி.மீ. சீட்டுக்கானது. ஏ4 தாள் 210×297 மி.மீ. எனவே மூன்றுக்கு மூன்று என 9 சீட்டுகள் 189×264 மி.மீ. இடத்தில் அடங்கும். பக்கங்களில் 10.5, மேலும் கீழும் 16.5 மி.மீ. மிஞ்சும். 54 சீட்டுக்கு 6 தாள். அச்சிடும்போது பிரிண்டர் அமைப்பில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கி 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். அது 97 சதவீதமாகச் சுருங்கினால் 63 மி.மீ. 61 ஆகிவிடும். உறைக்குள் இருந்தால் சுருக்கம் பெரிய கேடு செய்யாது. பாதித் தாள்கள் சுருங்கி மீதி சுருங்காமல் வந்தால்தான் தொல்லை. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஸ்கேலை வைத்து உடனே சரிபார்க்கலாம்.

வெட்டுவதற்கு ஸ்டீல் ஸ்கேல், ஒடித்துக்கொள்ளும் அலகுள்ள கட்டர், அடியில் வெட்டுப் பாய். வெட்டுக் குறிகள் சீட்டின் மேல் வராமல் தாளின் ஓரத்தில் மட்டும் இருக்கட்டும். சீட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் அடுக்கினால் ஒரு தாளுக்கு நீளவாக்கில் 4, குறுக்கே 4, ஆக 8 வெட்டு. ஆறு தாளுக்கு 48. இடைவெளி விட்டால் அதுவே 72 ஆகும். முதலில் உள்கோடுகளை வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். முதலிலேயே ஓரத்தை எடுத்துவிட்டால் குறிகளும் அதோடு போய்விடும். உறைக்குள் போகும் சீட்டை முதலிலேயே 62×87 ஆக, பக்கத்துக்கு அரை மி.மீ. குறைத்து வரைந்துகொண்டால் செருகும்போது மடங்காது. கைப்பிடி உள்ள வெட்டுப்பலகையில் பல தாள்களை அடுக்கி வெட்டுவது வேகம்தான். ஆனால் அலகு தாளை இழுத்துக்கொண்டு போவதால் அடித் தாள்கள் வேறு அளவில் வரும். அங்கும் இரண்டு தாளுக்கு மேல் வேண்டாம்.

இங்க்ஜெட் மை முழுக்கக் காயாமல் உறையில் போட்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டி மங்கும். ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

எழுத்தளவையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தில் புள்ளியும் கொம்பும் சுழியும் நெருங்கி நிற்பதால், ஆங்கில எழுத்துக்குப் போதுமான 8 பாயிண்ட் எழுத்தளவு இங்கே போதாது. 10 அல்லது 11 வேண்டும். வாசகம் இடம் கொள்ளவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காமல் வாசகத்தைச் சுருக்குங்கள். கையில் விசிறியாகப் பிடிக்கும்போது தெரிவது மேல் இடது மூலை மட்டுமே. சீட்டின் வகையும் எண்ணும் அங்கே இருந்தாக வேண்டும். நிறத்தால் மட்டும் வகை பிரிக்காமல் கூடவே ஒரு வடிவமும் போட்டால் நிறக்குறைபாடு உள்ளவரும் ஆடலாம்.

உறையே வேண்டாம் என்பவர்களுக்கு மடித்து ஒட்டும் முறை உண்டு. ஒரே பக்கத்தில் முகமும் முதுகும் அடுத்தடுத்து அச்சாக வேண்டும். நடுக்கோட்டில் மடித்து ஒட்டிய பிறகே வெட்ட வேண்டும். மடிப்பே அளவுகோல் ஆகிவிடுவதால் இருபுற அச்சின் பிசகு இதில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஏ4 தாளுக்கு 4 சீட்டுதான் வரும், 54-க்கு 14 தாள் ஆகும். ஈரப்பசை இங்கே கூடாது. குச்சிப் பசையோ தெளிப்புப் பசையோ நல்லது. முதுகில் கரையும் வேண்டாம், அடர்நிறமும் வேண்டாம். விளிம்பைத் தாண்டி 3 மி.மீ. ஓடும் வெளிர்நிறப் பொடிக்கோலம் போட்டால் அச்சு நகர்ந்ததும் தெரியாது, தேய்மானமும் தெரியாது. கடைசியாக 3 மி.மீ. ஆரத்தில் மூலைகளை உருட்டும் சிறு கருவி ஒன்று வேண்டும். இந்த வழியில் அதைத் தவிர்க்க முடியாது.

லேமினேஷனைப் பலர் முதலில் நினைக்கிறார்கள். சீட்டுக்கு அது ஏற்றதல்ல. தாளாக லேமினேஷன் செய்து பிறகு வெட்டினால் விளிம்பு மூடியிருக்காது. மடங்கும் இடத்தில் படலம் பிரியும். தனித்தனியாக மூடி ஓரம் விட்டு வெட்டினால் மூலை குத்தும், அடுக்கினால் வழுக்கும். விளையாட்டு முழுவதும் மேசையில் கிடக்கும் குறிப்புத் தாளுக்கும் மதிப்பெண் அட்டைக்கும் அது அருமையாகப் பொருந்தும்.

உறையிட்ட சீட்டை வளைத்துக் கலைக்க வேண்டாம். சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் நீளப் பக்கத்தை மற்றதின் நீளப் பக்கத்துக்குள் மெல்ல நுழைத்துக் கலைப்பதே சரி. ஏழெட்டு முறை செய்தால் போதும். குவியல் குவியலாகப் பங்கிட்டு அடுக்குவது கலைப்பதே ஆகாது; அது வரிசையை மாற்றி வைப்பது மட்டும்தான். சீட்டு எண்ணிக்கை சரியா என்று பார்க்க அது உதவும்.

அறுகோண வில்லைகள்

வில்லை மறைந்திருக்கும் நேரம் ஆட்டத் தொடக்கத்தில் சில நிமிடங்கள் மட்டுமே. சீட்டுக்குக் காட்டிய கண்டிப்பு இங்கே தேவையில்லை; தட்டையாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், அவ்வளவே.

அறுகோணத்தை வெட்டுவதுதான் கடினம். தேன்கூடு போல நெருக்கி அச்சிட்டால் தாள் மிச்சமாகும். ஆனால் ஒரு பக்கத்தை நீட்டினால் கோடு அடுத்த அறுகோணத்துக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு வெட்டையும் மூலையில் சரியாக நிறுத்தியாக வேண்டும். கை கொஞ்சம் தாண்டினால் பக்கத்து வில்லையின் முகத்தில் கீறல் விழும். ஆகவே தாளை மிச்சப்படுத்தாமல் செவ்வகமாக அடுக்குவதே மேல். பக்கம் 38 மி.மீ. உள்ள அறுகோணத்துக்கு எதிரெதிர் பக்கங்களின் தூரம் 65.8 மி.மீ., எதிரெதிர் மூலைகளின் தூரம் 76 மி.மீ. இந்த 65.8×76 செவ்வகங்கள் ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக 9 அடங்கும். 19 வில்லைக்கு 3 தாள், எட்டு உதிரி. முதலில் நேர்க்கோட்டு வெட்டுகளால் செவ்வகங்களைப் பிரிக்கலாம். பிறகு ஒவ்வொன்றிலும் நான்கு மூலைகளைச் சாய்வாக எடுத்தால் அறுகோணம் வந்துவிடும். எடுக்க வேண்டிய முக்கோணத்தின் கிடைப்பக்கம் 32.9, செங்குத்துப் பக்கம் 19 மி.மீ. எங்கும் கத்தியைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. தடித்த அட்டையில் ஒரு மாதிரி அறுகோணம் வெட்டி வைத்து, ஒவ்வொன்றையும் அதன் மேல் வைத்துச் சரிபாருங்கள்.

அட்டைக்கு 2 மி.மீ. சாம்பல் நிறக் கிரே போர்டு சிறந்தது. தானியப் பெட்டி அட்டை என்றால் மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். நெளிவுள்ள பொதிப் பெட்டி அட்டை வேண்டாம். வெட்டும் இடத்தில் நசுங்கி விளிம்பு கோணலாகும். வளைவைத் தவிர்க்க அச்சுத் தாள் ஒருபுறமும் அதே கனமுள்ள வெற்றுத் தாள் மறுபுறமும், இரண்டையும் ஒரே வேளையில், ஒரே பசையால் ஒட்ட வேண்டும். இருபுற இழுப்பும் சமமாகி அட்டை நேராக நிற்கும். அந்த வெற்றுத் தாளே எல்லா வில்லைக்கும் ஒரே முதுகாகவும் ஆகிவிடுகிறது. இரு தாள்களின் நார்த்திசையும் ஒன்றாக இருக்கட்டும். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது. ஒட்டியதும் வழவழப்பான தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விட வேண்டும். காய்ந்த பிறகே வெட்டு.

2 மி.மீ. அட்டையை ஒரே இழுப்பில் வெட்ட முயல்வதில்தான் கை கிழிகிறது, கோடும் கோணுகிறது. முதல் இழுப்பு மேல்தாளை மட்டும் அறுக்கும் அளவுக்கு மெதுவாக. அந்தத் தடத்திலேயே இன்னும் ஐந்தாறு இழுப்பு. கட்டர் நிமிர்ந்து இருக்க வேண்டும். சாய்ந்தால் வில்லையின் மேல்முகமும் அடிமுகமும் வேறு அளவாகிவிடும். 76 சாய்வு வெட்டுகள் இருப்பதால் நான்கைந்து வில்லைக்கு ஒருமுறை அலகு நுனியை ஒடித்துவிடுங்கள். மழுங்கிய அலகு தாளை அறுக்காமல் பிய்க்கும்.

வில்லைகளைச் சுற்றிச் சட்டகம் வேண்டுமானால் அதை வில்லைகளுக்குப் பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். நடு வரிசையில் 5 வில்லைகள். கணக்குப்படி 329 மி.மீ. ஒவ்வொன்றும் அரை மி.மீ. கூடியிருந்தால் 331.5. கணக்கை நம்பி முன்கூட்டியே செய்த சட்டகத்தில் கடைசி வில்லை நுழையாது. சட்டகம் இல்லாமல் மேசையில் ஒரு தடித்த துணி விரித்தாலும் வில்லைகள் நகராது, அதுவே எளிது.

பகடை

தற்செயல் கெட்டால் யாருக்கும் உடனே தெரியாது, அதனால் இங்கே கவனம் கூடுதலாக வேண்டும். மரக்கட்டையில் பகடை செய்தால் புள்ளிகளைக் குடைவதைவிடக் கட்டை சரியான கனசதுரமாக இல்லாததுதான் பெரிய கேடு. 16×16×15 மி.மீ. இருந்தால், குட்டையான அச்சின் இரு முனையில் உள்ள முகங்கள் அடிக்கடி மேலே வரும். மூன்று பக்கங்களையும் அளந்து, 0.3 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஒதுக்கிவிடுவது நல்லது. புள்ளிகளைக் குடையாமல் பேனாவால் இடுங்கள். எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7.

சோதிக்க 120 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணும் சராசரியாக 20 முறை வர வேண்டும். வந்த எண்ணிக்கையில் இருந்து 20-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஆறையும் கூட்டி, 20-ஆல் வகுக்க வேண்டும். விடை 11.07-ஐத் தாண்டினால் பகடையைச் சந்தேகிக்கலாம். 28, 22, 19, 20, 18, 13 என்று வந்தால் கண்ணுக்கு மோசமாகத் தெரியும், கணக்கில் 6.1 தான் வருகிறது, அதில் பழுது சொல்ல முடியாது. நேர்மையான பகடையும் இருபதில் ஒரு முறை எல்லையைத் தாண்டும், ஆகவே தாண்டினால் இன்னொரு முறை சோதியுங்கள். இத்தனை உருட்டலில் பெரிய சாய்வு மட்டுமே பிடிபடும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

பகடையே இல்லாமலும் ஆடலாம். இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைக்கு 36 சீட்டுகள் போதும்: 2-க்கு ஒன்று, 3-க்கு இரண்டு, 4-க்கு மூன்று, 5-க்கு நான்கு, 6-க்கு ஐந்து, 7-க்கு ஆறு, பிறகு அதே வரிசையில் இறங்கி 12-க்கு ஒன்று. 44×68 மி.மீ. சிறு சீட்டாகச் செய்தால் ஒரு தாளில் 16 வரும், 3 தாளில் முடியும். இப்படி ஆடும்போது ஒரு மாற்றம் உண்டு: 12 ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி கலைக்கும்வரை வராது. எண்ணி வைத்து ஆடுபவருக்கு அது லாபம். அடியில் இருந்து ஐந்தாவது சீட்டுக்கு மேல் ‘கலைக்கவும்’ என்ற சீட்டு ஒன்றைச் செருகினால் கடைசிச் சீட்டுகளைக் கணிக்க முடியாமல் போகும்.

மிச்சம்

காய்களுக்குப் பொத்தான், மணி, வண்ணம் பூசிய விதை எதுவும் ஆகும். எண் வில்லைகளை வட்டமாக வெட்ட மெனக்கெட வேண்டாம், 20 மி.மீ. சதுரமே போதும். பையில் கைவிட்டு எடுப்பவை என்பதால் விரலுக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சரி. உள்ளே தெரியாத துணிப்பை ஒன்று வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், ஆடத் தொடங்கும் முன், 54 சீட்டுகளையும் குப்புறப் பரப்பி, செய்வதில் பங்கெடுக்காத ஒருவரிடம் வேறுபட்டுத் தெரிபவற்றைத் தனியே எடுக்கச் சொல்லுங்கள். முதலில் நேர்வெளிச்சத்தில், பிறகு சாய்ந்த வெளிச்சத்தில், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும். சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் பார்த்து, நீட்டி நிற்கும் சீட்டு உண்டா என்றும் பார்க்க வேண்டும். பொறுக்கி எடுத்தவற்றின் உறையையோ உள்ளே உள்ள பழைய சீட்டையோ மாற்றிவிட்டு மறுபடி பரப்ப வேண்டும்.

பின்னாளில் ஓர் உறை கிழிந்தால் புதிய உறை ஒன்றை மட்டும் சேர்த்தால், தேய்ந்த கட்டின் நடுவே அந்தப் புதுமையே அடையாளமாகிவிடும். அதனால் மிச்சமுள்ள 6 உறைகளிலும் வெற்றுத் தாள் செருகி, முதல் நாளில் இருந்தே கட்டோடு சேர்த்துக் கலைத்துப் பழக்கிவிட்டு, ஆட்டம் தொடங்கும்போது மட்டும் தனியே எடுத்து வையுங்கள். தேவைப்படும் நாளில் அவற்றில் ஒன்றில் முகத்தை மாற்றிச் செருகினால் போதும்.